நேந்துவிட்ட சேவலுக்கு முடியவில்லை, ஊசி போட்டு அனுப்பலாமா?

மிளகுக்கொடி (நாகலூர், ஏற்காடு) – ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் காப்பி. வீட்டைச் சுற்றி 14 பெட்டை, 2 சேவல். பெரிய சேவலைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிறம் செவலை, பெயரும் செவலைதான். வயது 6 முடிந்து 7 நடக்கிறது.

இது என் மாமியார் குஞ்சிலேயே எல்லை முனியப்பனுக்கு நேந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வண்டியில் விழுந்து கால் உடைந்து கிடந்த நேரம். "என் பையன் எழுந்து நடந்தால் இது உனக்கு" என்று மஞ்சள் தண்ணீர் தெளித்து விட்டார். அவரும் நடந்துவிட்டார். அதற்குள் கொரோனா வந்து கோயிலுக்குப் போக முடியவில்லை, அப்புறம் அத்தையும் காலமாகிவிட்டார். நேர்த்தி அப்படியே நிற்கிறது. சேவல் எங்களோடே தங்கிவிட்டது.

மூன்று வாரமாக அதற்கு முடியவில்லை. முதலில் கூவுவது குறைந்தது. கடைசியாகக் கூவி 11 நாள் ஆகிறது. ராத்திரி மரத்தில் ஏறி அடைவதை விட்டுவிட்டது. வயிறு தண்ணீர்ப் பை மாதிரி தொங்குகிறது. கொண்டை நுனி ஊதாவாகிவிட்டது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கிறது. வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறது. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. மார்பெலும்பைத் தொட்டால் கத்தி முனை மாதிரி கையில் குத்துகிறது, ஆனால் பழம் நிறுக்கிற தராசில் வைத்தால் 3 கிலோ 100 கிராம், பழைய எடையேதான்.

ஒரு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனேன். "மாடு, ஆடு என்றால் வாங்க. ஒத்தைக் கோழிக்கு என்னம்மா பார்க்கிறது, அறுத்துக் குழம்பு வெச்சிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி என் மணிக்கட்டில் சாய்த்துக்கொண்டது. வீடு வரும்வரை கையை அசைக்கவில்லை நான்.

வைத்தியம் பார்ப்பதா, ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடுவதா? நேந்துவிட்ட உயிரை நாம் முடிப்பது தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓமலூர் கூவல் (ஓமலூர்) – ஞாயிறு, இரவு 10.15

தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 25 வருடமாகச் சேவல் வளர்க்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது தேறாது. வாய் திறந்து மூச்சு விடுகிற சேவலை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினால் வேதனை அதற்குத்தான். பழகிய கை ஒன்று இருந்தால் ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது. நானே என் கையால் நாலைந்து சேவலை அனுப்பியிருக்கிறேன், அத்தனையும் நான் கையில் தீனி வைத்து வளர்த்தவை. ஆனால் குழம்பு வைக்காதீர்கள். என்ன நோய் என்று தெரியாத கோழியைச் சாப்பிடவே கூடாது.

தறிச்சத்தம் (அம்மாபேட்டை, சேலம்) – ஞாயிறு, இரவு 10.50

அண்ணா, பார்க்காமலே தேறாது என்று சொல்லிவிட்டீர்களே. எங்கள் வீட்டுச் சேவலுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்து கழுத்து திருகிக்கொண்டது. மண்டை கீழே, தாடை மேலே. அக்கம் பக்கத்தில் எல்லாரும் அறுத்துப் போடு என்றுதான் சொன்னார்கள். நான் தூக்குப்போசியில் கழுத்து வரைக்கும் கம்பைக் கொட்டி அதன் முன்னால் வைத்தேன். தட்டில் போட்டால் குறி தவறும், போசிக்குள் எங்கே கொத்தினாலும் வாய்க்குக் கம்பு வரும். தறி ஓட்டிக்கொண்டே கால் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அப்படியே 2 வருடம் இருந்தது. கழுத்து கடைசிவரை நேராகவில்லை. ஆனால் கூவியது, பெட்டையோடு சுற்றியது. அக்கா, அவசரப்பட வேண்டாம்.

மாட்டு டாக்டர் (அஸ்தம்பட்டி, சேலம்) – திங்கள், காலை 6.20

கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இருவர் சொல்வதும் அவரவர் பார்த்த நோய்க்குச் சரி. அம்மாபேட்டைத் தம்பி சொல்வது ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல். 1927 வாக்கில் ராணிக்கெட் ஊர்ப் பக்கம் பார்த்ததால் அந்தப் பெயர். அந்த வைரஸுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான். பிழைத்த கோழிக்கு நரம்பில் மட்டும் தழும்பு நின்றுவிடும். கழுத்து கோணலாக இருந்தாலும் உள்ளுறுப்பு நன்றாக வேலை செய்யும், அதனால் ஊட்டிவிட்டால் வாழும்.

இங்கே கதை வேறு. அம்மா, தராசு உங்களிடம் பொய் சொல்லவில்லை. சதை கரைந்த அளவுக்கு வயிற்றில் நீர் ஏறியிருக்கிறது. கூட்டினால் அதே 3 கிலோதான் வரும். கோழிக்கு நம்மைப் போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் நுரையீரலோடு சேர்ந்த காற்றுப் பைகளுக்குள் காற்று போய்வரும். வயிறு நீரால் நிறைந்தால் காற்றுப் பைக்கு இடமில்லை. அதனால்தான் வால் ஆடுகிறது. தயவுசெய்து மல்லாத்திப் பிடிக்காதீர்கள், மார்பை இறுக்கிக் கட்டித் தூக்காதீர்கள். அதிலேயே உயிர் போய்விடும்.

கறிக்கோழியில் இப்படி வயிற்றில் நீர் கோப்பதை நிறையப் பார்ப்போம். வேகமாக வளர்கிற உடம்புக்கு ஆக்சிஜன் போதாமல் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துவிடும். குளிரும் உயரமும் அதைக் கூட்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம் என்றாலும், மலையிலேயே பிறந்து வளர்ந்த 6 வயது நாட்டுச் சேவலுக்கு ஈரலில் கட்டியோ இதயக் கோளாறோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். கையால் தடவிப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்லக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. வலிக்கு என்று வீட்டில் இருக்கிற டைக்ளோஃபெனாக் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பறவையின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். அது போட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துத்தான் 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். வலிக்குப் பறவை தாங்கும் மருந்து உண்டு, எடை பார்த்து மருத்துவர் கொடுப்பார்.

நாலாம் வருடம் (தலைவாசல்) – திங்கள், காலை 7.05

அக்கா, தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். ஐயா சொன்னதோடு, மருத்துவரிடம் போகும்வரை செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கிறது, ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம். விரலை நனைத்து அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது நாக்கை அசைத்து விழுங்கினால் அடுத்த சொட்டு. கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். தீனி எடுக்காத சேவல் மார்கழிக் குளிரில் அந்தச் சூட்டைக் காப்பாற்றவே உள்ள சதையை எரித்துவிடும். கொடாப்புக்கு ஒரு பக்கம் மட்டும் குண்டு பல்பு மாட்டுங்கள். சூடு வேண்டாம் என்றால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இருட்டாக இருக்கட்டும். பெட்டைகள் கண்ணில் படுகிற இடத்திலேயே வையுங்கள். தனியாக அறைக்குள் அடைத்தால் நாட்டுச் சேவல் தீனியை அதோடு விட்டுவிடலாம்.

பச்சை எச்சம் என்றதும் கழிச்சல் என்று பயப்பட வேண்டாம். பட்டினி கிடக்கிற கோழிக்குப் பித்தம் மட்டும் இறங்கி எச்சம் பச்சையாகத்தான் போகும். மற்ற 15 உருப்படியும் நன்றாக இருக்கின்றனவா?

மிளகுக்கொடி – திங்கள், பிற்பகல் 1.30

மற்றவை எல்லாம் நன்றாக இருக்கின்றன. மூன்று வாரமாக இது ஒன்றுக்குத்தான். காலையில் ராகிக் கஞ்சியை விரலில் தொட்டு வைத்தேன், நாலு முறை விழுங்கியது. பல்பு மாட்டியதும் வெளிச்சத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

வீட்டுக்காரர் ஊசி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார். "நான் நடக்கிறதே அது பெயரில்தான்" என்கிறார். அவர் எதிரில் இதை எழுதக்கூட முடியவில்லை, காப்பிக் களத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பழம் பறிக்க வந்த அக்காக்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சாமிக்கு விட்டதைச் சாமியே எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார் ஒருவர். சாமி எடுப்பதற்குள் அது படுகிற பாட்டை யார் பார்ப்பது என்கிறார் இன்னொருவர்.

கோரிமேட்டு அம்மிச்சி (சேலம்) – திங்கள், மாலை 5.10

கண்ணு, என் பேத்தி தட்டித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல. எனக்கு 71 வயது. முனியப்பனுக்கு நேந்த உயிரில் குறை இருக்கக் கூடாது என்பது எங்கள் பெரியவர்கள் வைத்த வழக்கம். கால் ஊனம், கண் பழுது, நோய் இருந்தால் எல்லைக்கே கொண்டு போக மாட்டோம். அப்போது என்ன செய்வோம் என்றால், ஒரு மஞ்சள் துணியில் காணிக்கையை முடிந்து சாமி படத்துக்கிட்டே வைப்போம். "இதற்கு முடியவில்லை, மாற்று கொண்டு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே" என்று சொல்லிவிட்டால் போதும். பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

2003இல் கோயிலில் ஆடு, கோழி அறுக்கவே கூடாது என்று பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்களே, அப்போதும் இதைத்தான் செய்தோம். அடுத்த வருடம் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் நேர்த்தி நின்றவர்கள் எத்தனை பேர்! காணிக்கை முடிந்து வைத்துத்தான் காத்திருந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உன் மாமியார் இருந்தால் இந்தச் சேவலை இப்படி இழுத்துக்கொண்டு கிடக்க விடுவாரா என்று உன் வீட்டுக்காரரைக் கேள்.

மிளகுக்கொடி – புதன், இரவு 8.45

நேற்று சேலம் போய் வந்தோம். பறவை பார்க்கிற ஒரு தனியார் மருத்துவரை மாட்டு டாக்டர் ஐயா தனிச்செய்தியில் சொல்லியிருந்தார். ரொம்ப நன்றி ஐயா. 20 கொண்டை ஊசி வளைவையும் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். மடியில் அட்டைப்பெட்டி, அடியில் உமி, நீங்கள் சொன்ன மாதிரி மார்பில் எதையும் கட்டவில்லை.

மருத்துவர் வயிற்றை விரல் நுனியால்தான் தொட்டார். வலப்பக்கம் கெட்டியாக ஏதோ உருள்கிறது என்றார். மெல்லிய ஊசியால் நீரை எடுத்தார், மஞ்சள் வைக்கோல் நிறம், ஏறக்குறைய 400 மில்லி. முழுவதையும் ஒரேயடியாக எடுத்தால் மயங்கிச் சரிந்துவிடும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு ஸ்கேன். ஈரலில் சின்னதும் பெரியதுமாகக் கட்டிகள். "அறுவை செய்து எடுக்கிற இடம் இல்லை. நீரை எடுக்க எடுக்க ஊறும். வலிக்கு மருந்து தருகிறேன், நீர் இறங்க மருந்து தருகிறேன், இருக்கிற நாளை நன்றாக வைத்துக்கொள்ளலாம்" என்றார். எத்தனை நாள் என்று வீட்டுக்காரர் கேட்டார். நீர் எத்தனை நாளில் திரும்ப ஊறுகிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

திரும்பி வரும்போது அடிவாரம் தாண்டியதும் பெட்டிக்குள் எழுந்து நின்றுகொண்டது. இப்போது வாய் மூடி மூச்சு விடுகிறது.

தறிச்சத்தம் – புதன், இரவு 9.20

எழுந்து நின்றது என்று படித்ததும் மனசு நிறைந்தது அக்கா. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பார்களே, அதைக் கொடுத்துப் பாருங்கள். கீழாநெல்லி ஈரலுக்கு நல்லதுதானே.

மாட்டு டாக்டர் – வியாழன், காலை 6.10

அந்த உருண்டை கழிச்சல், சளி நேரத்துக்குக் கிராமத்தில் கொடுப்பது. நானும் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் ஈரல் முழுக்கக் கட்டி உள்ள கோழிக்கு உருண்டையைத் தொண்டைக்குள் தள்ளுவது தண்டனை. அது விரும்பிக் கொத்துவதை மட்டும் கொடுங்கள்.

நாலாம் வருடம் – வியாழன், இரவு 8.00

அக்கா, ஒன்று கேட்கிறேன், கஷ்டமாக இருந்தாலும் பதில் எழுதுங்கள். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் செவலை தினமும் என்னென்ன செய்யும்? பொதுவாகச் சேவல் செய்வதைச் சொல்ல வேண்டாம், செவலை மட்டும் செய்வதைச் சொல்லுங்கள். எங்கள் ஆசிரியர் ஒருவர் நாய், பூனைக்கு இப்படித்தான் எழுதி வாங்குவார். கோழிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். கோழி வலியை வெளியே காட்டாது. காட்டினால் கூட்டத்தில் மற்றவை கொத்தும், பருந்து குறி வைக்கும். அதனால் வலிக்கிறதா என்று அதன் முகத்தில் தேடினால் கிடைக்காது. அதன் வேலையில் பார்க்க வேண்டும்.

மிளகுக்கொடி – வியாழன், இரவு 10.30

விடிவதற்கு முன் கொட்டச்சேடு பக்கத்திலிருந்து ஒரு சேவல் கூவும், தூரத்தில். அதற்கு இது பதில் கொடுக்கும். மூன்று தடவை, சில நாள் நாலு. மற்ற வீட்டுச் சேவலுக்கெல்லாம் பதில் கிடையாது.

வெயில் வந்ததும் சில்வர் ஓக் மரத்தடியில் மண் குளியல். அந்தக் குழி இதுவே வருடக்கணக்காகத் தோண்டியது, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு.

சின்ன சேவல் களத்துப் பக்கம் வந்தால் கழுத்து மயிரைச் சிலிர்க்கும். சண்டைக்குப் போகாது. சிலிர்த்தால் போதும், அது ஓடிவிடும்.

கடைசியாக ஒன்று. புழுவோ தக்காளித் துண்டோ கிடைத்தால் தான் தின்னாது. அலகில் எடுத்துக் கீழே போடும், எடுக்கும், போடும், "டுக் டுக் டுக்" என்று கூப்பிடும். பெட்டைகள் ஓடிவந்து தின்றபிறகு மிச்சம் இருந்தால் கொத்தும். ஒரு நாள்கூட இதில் தவறியதில்லை. என் மாமியார் இதைக் காட்டித்தான் என் வீட்டுக்காரரைத் திட்டுவார், "அதைப் பார்த்துக் கத்துக்கோ" என்று.

எழுதும்போதுதான் தெரிகிறது, இப்போது இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை.

மிளகுக்கொடி – சனி, காலை 7.15

செய்தது! காலையில் தக்காளி நறுக்கிப் போட்டேன். ஒரு துண்டை எடுத்தது, போட்டது, எடுத்தது, கூப்பிட்டது. சத்தம் பாதிதான் வந்தது. கரும்பெட்டை ஓடிவந்து தின்றுவிட்டுப் போனாள். அப்புறம் இரண்டு துண்டு அதுவே தின்றது. வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

ஓமலூர் கூவல் – சனி, காலை 8.00

சந்தோஷம் தங்கச்சி. மனசார சொல்கிறேன். அன்றைக்கு நான் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன். இந்த ஒரு காலை கிடைத்ததே, அதற்காகவே மலையிறங்கிப் போனது சரிதான்.

மிளகுக்கொடி – செவ்வாய், இரவு 9.00

நீர் திரும்ப ஊறிவிட்டது. சனி, ஞாயிறு நன்றாக இருந்தது. திங்கள் காலை வயிற்றில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. இன்று பழையபடி வாய் திறந்து மூச்சு. மருத்துவருக்குப் போன் செய்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்றால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் ஊறும், ஒவ்வொரு தடவையும் நீரோடு உடம்பின் புரதமும் போய்விடும் என்றார்.

இன்று மதியம் காப்பிச் செடிக்கு அடியில் மண்புழு ஒன்று கிடைத்தது. அதன் முன்னால் போட்டேன். அலகில் எடுத்தது. கீழே போட்டது. கழுத்தை நீட்டிக் கூப்பிடப் பார்த்தது, மூச்சு வரவில்லை. திரும்ப எடுக்கவும் இல்லை. புழு நெளிந்து அதன் காலுக்கு அடியில் போய்விட்டது. அது பெட்டைகள் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ராத்திரி சாப்பிடும்போது அவரே, "டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமா, திரும்ப அந்த ரோட்டில் கொண்டு போக வேண்டாம்" என்றார்.

மாட்டு டாக்டர் – செவ்வாய், இரவு 9.25

மலையிலேயே என்னிடம் வேலை கற்ற ஒரு பையன் இருக்கிறான். இப்போதே பேசுகிறேன். வியாழன் காலை வருவான். அதுவரை வலி மருந்தை நிறுத்தாதீர்கள்.

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், பயம் குறையும். முதலில் மார்புச் சதையில் மயக்க ஊசி. அது ஆழ்ந்து மயங்க 5 முதல் 10 நிமிடம் ஆகலாம், அந்த நேரம் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். காலைக் கிள்ளினாலும் இழுக்காத அளவுக்கு மயங்கிய பிறகுதான் இறக்கைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயில் இரண்டாவது மருந்து. மயக்கம் தராமல் நேராக நெஞ்சில் குத்துவது கொடுமை, அதை யார் செய்ய வந்தாலும் அனுமதிக்காதீர்கள்.

நாலாம் வருடம் – செவ்வாய், இரவு 9.50

உயிர் போன பிறகு இறக்கை படபடவென்று அடிக்கலாம் அக்கா. அது நரம்பின் துடிப்பு, அதற்கு அப்போது எதுவும் தெரியாது. தெரியாமல் பார்த்தால் நெஞ்சில் நின்றுவிடும், அதனால்தான் சொல்கிறேன். அந்த மருந்து உடம்பில் தங்கும், கறியாக்கக் கூடாது. நாயோ காக்கையோ பருந்தோ தோண்டித் தின்றால் அதுவும் மயங்கி விழும். 3 அடிக்குக் குறையாமல் குழி, சுண்ணாம்பு, மேலே கனமான கல்.

ஓமலூர் கூவல் – செவ்வாய், இரவு 10.10

எனக்கு ஒரு சந்தேகம் ஐயா. கையால் கழுத்தெலும்பை விலக்குவது ஒரு நொடி. ஊசி என்றால் பத்து நிமிடம். எது அதற்கு நல்லது? வீம்புக்குக் கேட்கவில்லை, இத்தனை வருடம் செய்தது தப்போ என்று உறுத்துகிறது.

மாட்டு டாக்டர் – புதன், காலை 6.00

நீங்கள் செய்தது தப்பில்லை. பயிற்சி உள்ள கை, சுத்தமாக ஒரே இழுப்பு என்றால் பல நாடுகளில் மருத்துவர்களும் ஏற்றுக்கொள்கிற முறைதான் அது. தயங்குகிற கை என்றால்தான் விபரீதம். பாதி இழுத்து விட்டால் அதைவிடக் கொடுமை கிடையாது. முதல் தடவையாகச் செய்கிறவர் தன் செல்லச் சேவலிடம் அதைச் செய்து பார்க்கக் கூடாது. மருத்துவர் மைல் கணக்கில் இல்லாத ஊரில், ராத்திரி நேரத்தில், நாய் கடித்துக் குடல் சரிந்த கோழிக்கு உங்களைப் போல ஒருவர் பக்கத்தில் இருப்பது அதன் நல்ல நேரம்.

மிளகுக்கொடி – வெள்ளி, மாலை 4.20

நேற்றுக் காலை முடிந்தது.

புதன் சாயங்காலம் பூசாரியைப் பார்த்தோம். அம்மிச்சி சொன்னதையேதான் அவரும் சொன்னார். தை பிறந்ததும் பொங்கல் வைத்து விளக்கேற்றச் சொன்னார். மஞ்சள் துணியில் 11 ரூபாய் முடிந்து அத்தை படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். முடிச்சை வீட்டுக்காரர்தான் போட்டார்.

காலையில் பனி விலகவே 9 மணி ஆகிவிட்டது. அது தோண்டிய மண் குழியில் ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்தோம். வெயில் பட்டதும் ஒரு பக்க இறக்கையைக் கொஞ்சம் விரித்தது. பெட்டைகள் சுற்றிலும் கிளறிக்கொண்டிருந்தன. மருத்துவர் தம்பி அவசரப்படவே இல்லை, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அது தன்னைப் பார்த்துப் பழகட்டும் என்று காத்திருந்தார். முதல் ஊசிக்கு ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் மடியில் வாங்கிக்கொண்டார். 7 நிமிடம். கண்ணின் உள் ஓரத்திலிருந்து அந்த வெள்ளைச் சவ்வு மெதுவாக மூடியது. தலை அவர் மணிக்கட்டில் இறங்கியது, அன்று என் கையில் சாய்த்த மாதிரியே. இரண்டாவது ஊசி போட்டது அதற்குத் தெரியாது, அது நிச்சயம். இறக்கை நாலைந்து தடவை அடித்தது. தலைவாசல் தங்கை முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன்.

மற்ற கோழிகளுக்காக அறுத்துப் பார்க்கலாமா என்று தம்பி கேட்டார். சரி என்றேன். வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார், நான் நின்று பார்த்தேன். ஈரல் இரண்டு மடங்கு பெருத்து, சாம்பல் நிறத்தில் நெல்லிக்காய் அளவுக் கட்டிகள். குடலின் மேலேயும் பொடிப்பொடியாக. இதை வைத்துக்கொண்டு இத்தனை வாரம் மண்ணைக் கிளறப் பார்த்திருக்கிறது. ஒரு துண்டைக் குப்பியில் போட்டு எடுத்துப்போயிருக்கிறார். முட்டை வழியே குஞ்சுக்குப் போகிற வைரஸ் கட்டியும் உண்டாம். முடிவு வரும்வரை அடை வைக்க வேண்டாம் என்றார்.

சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்றியிருக்கிறோம், அதற்கு ஆறடி தள்ளி, வேருக்கு இடிக்காமல் குழி. 3 அடிக்கு மேலேயே தோண்டினார் வீட்டுக்காரர். அந்தக் காலை ஊன்றி மண்வெட்டி போடக் கூடாது என்று சொன்னேன், கேட்கவில்லை.

இன்று விடியற்காலை கொட்டச்சேடு பக்கத்துச் சேவல் கூவியது. இரண்டு பேரும் விழித்துக்கொண்டுதான் கிடந்தோம். அது நாலு தடவை கூவிவிட்டு நிறுத்திவிட்டது.

கோரிமேட்டு அம்மிச்சி – வெள்ளி, மாலை 6.00

நல்லபடியாக அனுப்பினாய் கண்ணு. உன் வீட்டுக்காரருக்குச் சூடாக ஒரு ரசம் வைத்துக் கொடு. ரெண்டு நாள் அவனைத் தனியாக விடாதே.

தறிச்சத்தம் – வெள்ளி, இரவு 8.30

அக்கா, அவசரப்பட வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நான். மண்புழுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் வேறு பேச்சு வரவில்லை. என் சேவலுக்கு அந்த இரண்டு வருடமும் கூவுகிற மூச்சு இருந்தது.

வாழப்பாடி வீடு (வாழப்பாடி) – ஞாயிறு, இரவு 10.05

இங்கே எழுதலாமா தெரியவில்லை, புதிதாக வந்திருக்கிறேன். எங்கள் சேவல் நேற்றிலிருந்து தின்னவில்லை, தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. இழையை முழுக்கப் படித்தேன். எங்களுடையதையும் ஊசி போட்டு அனுப்பிவிட வேண்டியதுதானா? பிள்ளைகள் அழுகிறார்கள்.

மிளகுக்கொடி – ஞாயிறு, இரவு 10.12

இல்லைங்க, பொறுங்கள். ஒரு நாள்தானே ஆகிறது. கழுத்துக்கு அடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி இருக்கிறதா, மாவு மாதிரி கொழகொழ என்று இருக்கிறதா, காலியா? வாயில் புளித்த வாடை வருகிறதா? கோழித் தீனியோடு வைக்கோல், நார் ஏதாவது தின்றதா? நேரே படுக்கப் போகாமல் அதை வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டு எழுதுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். எச்சத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். மாட்டு டாக்டர் ஐயா காலை 6 மணிக்கெல்லாம் வந்துவிடுவார். நான் இன்னும் ஒரு மணி நேரம் விழித்திருக்கிறேன்.